ஓட்டை அடைபட்ட பின்னர்

பிறவியிலேயே இருதயத்தில் குறையோடு பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டால், அதன்பின் அக்குழந்தையைப் பற்றி நம் வீடுகளில் பேசும் முறையே மாறிவிடுகிறது. “ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டார்கள், அத்தோடு தீர்ந்தது” என்பார்கள். நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்துவார்கள். மருத்துவமனைக் காகிதங்களை ஒரு பையில் சுருட்டிப் பரண்மேல் போடுவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் சொல்வதில்லை. பெண்பிள்ளையாயின் பக்கத்து வீட்டாரிடமும் சொல்வதில்லை. தீர்ந்துபோன ஒன்றை எதற்காகச் சொல்லவேண்டும் என்பது அவர்களுடைய நியாயம்.

மருத்துவர்களோ இந்தத் ‘தீர்ந்தது’ என்னும் சொல்லைக் கூசியே பயன்படுத்துகிறார்கள். “சீர்செய்தோம்” என்பதுதான் அவர்கள் விரும்பிச் சொல்லும் வார்த்தை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை நம் பங்கில் இரு பிள்ளைகளின் வாழ்வில் அருகிருந்து கண்டோம். ஓட்டையை அடைத்த அதே தையல், ஆண்டுகள் பல கடந்தபின், இருதயத்தின் தாளம் தப்புவதற்கும் காரணமாகக்கூடும் என்பதே நாம் கற்றுக்கொண்டது. எல்லாருக்கும் அப்படி நேர்வதில்லை. ஆனால் யாருக்கு நேரும் என்பதை, கண்காணித்து வந்தாலன்றி, முன்கூட்டி அறிய வழியில்லை.

இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,00,000 முறை துடிக்கிறது. அதற்குக் கட்டளையிடுவது மூளையன்று. இருதயத்திற்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு முடிச்சு. வலது மேலறையின் உச்சியில் அது இருக்கிறது. அங்கே பிறக்கும் மெல்லிய மின்துடிப்பு மேலறைகள் இரண்டிலும் பரவி, நடுவில் உள்ள மற்றொரு முடிச்சில் ஒரு கணம் தாமதித்து, ஒரு நாரின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு செல்ல இயல்பாக அமைந்த பாலம் இந்த நார் ஒன்றுதான். 1893ஆம் ஆண்டில் இதனைக் கண்டுரைத்தவர் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் இளம் மருத்துவர். நடுமுடிச்சை 1906இல் விளக்கியவர் ஜெர்மனியில் பயின்றுகொண்டிருந்த சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர். உச்சிமுடிச்சை மறு ஆண்டே கீத், ஃபிளாக் என்னும் இருவர் கண்டனர். கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சுற்றியுள்ள தசையோடு ஒன்றிக் கிடக்கும் இவற்றைத் தேடிக் கண்டவர்களின் பொறுமையை வியவாதிருக்க இயலாது.

இப்பாலம் செல்லும் இடத்தில்தான் சிக்கலே இருக்கிறது. கீழறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் பிறவி ஓட்டைகளுள் பெரும்பாலானவை எங்கே ஏற்படுகின்றனவோ, அந்த ஓட்டையின் விளிம்பை ஒட்டியே ஹிஸ் கண்ட நாரும் ஓடுகிறது. ஓட்டைக்கு ஒட்டுப்போட அந்த விளிம்பில்தான் ஊசி இறங்கவேண்டும். ஊசி ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும், தவறாமலே அவ்விடம் வீங்கினாலும், பாலம் அறுந்துவிடும். மேலறைகள் தம்பாட்டுக்குத் துடிக்கும். கீழறைகள் கட்டளை வராமல், தாமே நிமிடத்திற்கு முப்பதோ நாற்பதோ தடவை தட்டுத்தடுமாறித் துடிக்கும்.

இந்த இக்கட்டை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் மினசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணிபுரிந்த வால்ட்டன் லில்லஹை. 1954 மார்ச் 26ஆம் நாள் அவர் ஒரு குழந்தையின் இருதயத்தைத் திறந்து கீழறைச் சுவரின் ஓட்டையை அடைத்தார். இருதயத்தைத் திறந்துவைத்து வேலை செய்யும்போது குழந்தையின் உடலுக்கு இரத்தம் செலுத்துவது யார்? அக்குழந்தையின் தந்தைதான். தந்தையைப் பக்கத்து மேசையில் கிடத்தி, அவருடைய இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ஓட்டத்தைக் குழாய்களாலும் ஒரு பம்பினாலும் இணைத்தார்கள். இவ்வாறு அடுத்த ஓராண்டுக்கு மேலாக 45 பேருக்குச் சிகிச்சை நடந்தது; 28 பேர் உயிரோடு வீடு திரும்பினர். பெற்றோர் பிள்ளைக்காக உயிரைக் கொடுப்பதாகப் பேச்சுக்குச் சொல்வார்கள். அந்த மேசைகளில் படுத்தவர்கள் அதை உடலாலேயே செய்தார்கள்.

ஓட்டை அடைபட்டும் பாலம் அறுந்த குழந்தைகள் பிழைப்பது அக்காலத்தில் அரிதாயிருந்தது. மார்பின் மேல்தோல் வழியாக மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி 1952 முதல் இருந்தது. ஆனால் அது குழந்தையின் தோலைச் சுட்டது, வலியால் துடிக்கவைத்தது. 1957இன் தொடக்கத்தில் லில்லஹையின் குழுவினர் வேறு வழி கண்டனர். மெல்லிய கம்பியொன்றை இருதயத்தின் தசையிலேயே தைத்து, மறுமுனையைத் தோல்வழியே வெளியே கொண்டுவந்து, ஆய்வுக்கூடத்திலிருந்த மின்துடிப்புக் கருவியோடு இணைத்தனர். மிகச் சிறிய மின்சாரமே போதுமானதாயிற்று, குழந்தைக்கு வலியுமில்லை. ஆயின் கருவி சுவரின் மின்இணைப்பிலிருந்து இயங்கிற்று. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவே குழந்தையின் உலகம்.

1957 அக்டோபர் 31ஆம் நாள் நகரில் மின்சாரம் நின்றது. மருத்துவமனையின் இன்னலைக் கண்ட லில்லஹை, அங்கே கருவிகளைப் பழுதுபார்க்க வரும் ஏர்ல் பேக்கன் என்னும் பொறியாளரை அழைத்து, பேட்டரியில் இயங்கும் ஒன்றைச் செய்துதரக் கேட்டார். பேக்கனின் தொழிலகம் ஒரு கார்க் கொட்டகையில் இருந்தது. இசை பயில்வோர்க்குத் தாளம் காட்டும் கருவியின் மின்சுற்று ஒன்றைப் பழைய இதழொன்றில் பார்த்த நினைவு அவருக்கு வந்தது. அதைக்கொண்டு நான்கு வாரத்தில் கையகலப் பெட்டி ஒன்றைச் செய்து, விலங்கில் சோதித்துப் பார்ப்பதற்காகக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றபோது, அப்பெட்டி ஒரு குழந்தையின் மார்பில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்தார். வேலை செய்யும் பொருள் கையிலிருக்கக் குழந்தையைக் காத்திருக்கவைக்க லில்லஹைக்கு மனம் வரவில்லை. இசைத்தாளக் கருவியிலிருந்து இருதயத்தாளக் கருவி பிறந்ததை நினைக்குந்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

இன்றும் இருதய அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தையின் மார்புக்குக் கீழே மெல்லிய கம்பிகள் வெளியே நீண்டிருப்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காணலாம். அவை அன்றைய கம்பியின் வழிவந்தவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவை தேவைப்படுவதில்லை. வீட்டுக்கு அனுப்புமுன் மெல்ல இழுத்து எடுத்துவிடுவார்கள். பாலம் அறுந்ததாகத் தோன்றினால் அக்கம்பிகளை வெளிக்கருவியோடு இணைத்துப் பொதுவாக ஏழு முதல் பத்து நாள் காத்திருப்பது வழக்கம். வெறும் வீக்கமாயின் அதற்குள் வடிந்து, பாலம் மீண்டும் வேலை செய்யும். இல்லையெனில் நிலையான பேஸ்மேக்கர் வைத்தேயாகவேண்டும். சிறு குழந்தைகளின் இரத்தக்குழாய் மெல்லியதாதலால், கம்பியை இருதயத்தின் வெளிப்புறத்தில் தைத்துப் பெட்டியை வயிற்றுத் தசையின்கீழ் வைப்பர்.

முதல் இரண்டு மூன்று நாளில் வரக்கூடிய இன்னொரு தொல்லையும் உண்டு. தைத்த இடத்தருகே உள்ள நடுமுடிச்சின் சூழல் எரிச்சலுற்று, உச்சிமுடிச்சின் கட்டளையைப் புறக்கணித்துத் தானே நிமிடத்திற்கு 170, 200 என்று அடிக்கத் தொடங்கும். மேலறையும் கீழறையும் இசைந்து வேலை செய்யாமையால் இரத்த அழுத்தம் விழும். கைக்குழந்தைகளுக்கே இது அதிகம். இதற்குச் செய்யும் சிகிச்சை பார்ப்போரைக் கலங்கவைப்பது: குழந்தையின் உடலைக் குளிரவைத்து, வெப்பத்தை 34, 35 டிகிரி செல்சியசுக்கு இறக்குகிறார்கள். மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இருதயத்தை முடுக்கும் மருந்துகளைக் குறைக்கிறார்கள், மக்னீசியம் முதலிய உப்புகளைச் சரிக்கட்டுகிறார்கள், அமியோடரோன் என்னும் மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். குளிர்ந்து கிடக்கும் குழந்தையைத் தொட்டுவிட்டுத் தாய்மார் அலறுவதுண்டு. இது ஏன் செய்யப்படுகிறதென்று எவரேனும் இரண்டு நிமிடம் முன்கூட்டிச் சொன்னால் அந்த அலறல் இராது. சில நாளில் எரிச்சல் தணிந்து தாளம் பெரும்பாலும் தானே திரும்பிவிடும்.

இவை உடனே தோன்றுபவை. மருத்துவமனையில் இருக்கும்போதே கண்டுபிடிக்கப்படுபவை. நாம் முதன்மையாகச் சொல்லவந்தது வேறு. அது வீட்டுக்கு வந்து பத்து, இருபது ஆண்டு கழித்து, எவரும் நினைத்திராத ஒரு நாளில் தோன்றுவது.

நம் பங்கில் ஒரு பெண். தச்சுவேலை செய்பவரின் மூத்த மகள். பிறந்தபோதே உதடும் நகக்கண்ணும் நீலம்பாரித்திருந்தன. சிறிது ஓடினாலும் குந்தி உட்கார்ந்துகொள்வாள். ஃபாலோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1888இல் மார்செய் நகரில் விளக்கியுரைத்த நான்கு குறைகளும் சேர்ந்த நோய் அது: கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் குறுக்கம், அதனால் தடித்த வலது கீழறை, இடம்பெயர்ந்த பெருநாடி. (ஃபாலோவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க் நாட்டு உடற்கூற்றறிஞர் இதே அமைப்பை ஒரு கருவில் கண்டு எழுதிவைத்தார். இருதயம் ஒரு தசையேயன்றி வேறன்று என்று நிறுவியவரும் அவரே. பின்னர் கத்தோலிக்கராகி, குருவாகி, 1677இல் ஆயராகவும் ஆனார். 1988இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். குருமடத்தில் இவரைப்பற்றி எவரும் நமக்குச் சொல்லவில்லை என்பது சிறிது வருத்தமே.)

அப்பெண்ணுக்கு ஐந்தாம் வயதில், 1999இல், சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓட்டையை அடைத்தனர், குறுக்கத்தை வெட்டி அகலப்படுத்தி ஒட்டுத் தைத்தனர். நீலம் மறைந்தது. சில ஆண்டுகள் தவறாமல் பரிசோதனைக்குச் சென்றனர். பிறகு விட்டுவிட்டனர். ஒரு பயணத்திற்குத் தகப்பனாருக்கு இரண்டு நாள் கூலி போயிற்று; போய்வந்த ஒவ்வொரு முறையும் “நன்றாயிருக்கிறாள்” என்றே சொன்னார்கள். நன்றாயிருக்கும் பிள்ளையை ஏன் அழைத்துச் செல்லவேண்டும் என்று அவர் கேட்டதில் குற்றம் காண நாம் யார்? அவள் படித்தாள், ஆசிரியையானாள்.

2022இல், இருபத்தெட்டாம் வயதில், படபடப்பு தொடங்கிற்று. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிக்கும். அரைமணி நேரத்தில் தானே நிற்கும். அப்போது திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையில் காட்டினார்கள். அவள் போய்ச் சேருமுன் படபடப்பு நின்றுவிட்டிருந்தது. கல்யாண வயதுப் பெண், மனப்பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தனுப்பினர். இரண்டாம் முறையும் அதுவே. மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட தழும்பை அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, அதைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. தீர்ந்துபோன சங்கதியல்லவா!

மூன்றாம் முறை பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தாள். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது நாடி 200க்கு மேல் அடித்துக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் வீழ்ந்திருந்தது. சிறிது நேரம் மயக்கமருந்து கொடுத்து, மார்பில் தகடுகளை வைத்து, அளவான மின்னதிர்ச்சி ஒன்று கொடுத்தனர். தாளம் ஒரே நொடியில் ஒழுங்குக்கு வந்தது. உடனிருந்த தகப்பனார் அந்தத் திரையில் கோடுகள் மாறியதைத் தாமே கண்டதாகப் பின்னர் நம்மிடம் சொன்னார்.

என்ன நேர்ந்தது என்பதை அங்கிருந்த மருத்துவர் ஒருவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். அன்றைய அறுவைச் சிகிச்சையில் இருதயத்துக்குள் புக வலது மேலறையைத் திறந்திருக்கிறார்கள், பிறகு தைத்திருக்கிறார்கள். தைத்த இடம் தழும்பாயிற்று. தழும்பின் வழியே மின்துடிப்பு செல்லாது. அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். தழும்புக்கும் அருகிலுள்ள வால்வுக்கும் இடையே ஒரு குறுகிய சந்து எஞ்சியிருக்கும். இளமையில் இதனால் தீங்கில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல அறை விரிந்து தசை நலிவுற, ஒரு நாள் ஒரு துடிப்பு அந்தச் சந்துவழியே நுழைந்து, தழும்பைச் சுற்றி வந்து, மீண்டும் அதே சந்தில் நுழைந்துவிடுகிறது. நம் ஊர்த் தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வராமல் ஓயாது சுற்றிக்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்! ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. ஏட்ரியல் ஃப்ளட்டர் என்னும் வகையைச் சேர்ந்தது இது.

சாதாரண ஃப்ளட்டரில் மேலறை நிமிடத்திற்கு 300 முறை சுற்றும். நடுமுடிச்சு பாதியைத் தடுத்துவிடும். தழும்புள்ள இருதயத்தில் சுற்றும் வேகம் சற்றுக் குறைவு. குறைவு என்பதே இங்கு ஆபத்தாகிவிடுகிறது; ஏனெனில் நடுமுடிச்சு அதனைத் தடுக்காமல் ஒவ்வொன்றையும் கீழறைக்கு அனுப்பிவிடக்கூடும். பேருந்து நிலையத்தில் நேர்ந்தது அதுதான். அன்றியும், சரியாகச் சுருங்காத மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஆகவே உறையாமலிருக்கவும் மருந்து தரவேண்டியிருக்கிறது.

மருந்தால் மட்டும் இதை அடக்கிவைக்க முயல்வதுண்டு. முன்னர்ச் சொன்ன அமியோடரோன் வல்லமையுடையது. ஆயினும் அதில் அயோடின் நிறைந்திருப்பதால் தைராய்டைக் கெடுக்கலாம், நுரையீரலையும் தாக்கலாம். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் கொடுக்கத்தக்க மருந்தன்று. எனவே அப்லேஷன் செய்வதென்று முடிவாயிற்று. தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாய்களை இருதயத்துக்குள் செலுத்தி, முதலில் மின்துடிப்பு எங்கெங்கே எவ்வழியாகச் செல்கிறதென்று கணினித் திரையில் வண்ண வரைபடமாக எழுப்புகிறார்கள். எந்தச் சந்து குற்றவாளி என்று தெரிந்தபின், குழாயின் நுனியைச் சூடேற்றி, தழும்பிலிருந்து வால்வு வரை புள்ளி புள்ளியாகச் சுட்டு ஒரு கோடு இழுக்கிறார்கள். சந்து அடைபட்டது, இனித் தேர் சுற்ற வழியில்லை. புதிய தழும்பைக்கொண்டே பழைய தழும்பின் தொல்லையை நீக்குவது நமக்கு வியப்பாக இருந்தது. அவளுக்கு நான்கு மணிநேரத்துக்கு மேலாயிற்று. மார்பைத் திறக்கவில்லை; மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அத்தோடு முடியவில்லை. தாளம் தப்பியதற்குப் பின்னால் இன்னொரு காரணம் மறைந்திருந்தது. குறுக்கத்தை அகலப்படுத்தியபோது நுரையீரல் வால்வு சரியாக மூடாததாகிவிட்டது. ஃபாலோ நோயின் சிகிச்சையில் இது பலருக்கு நேர்வதுதான். இருபத்து மூன்று ஆண்டுகளாக இரத்தம் பின்னோக்கிக் கசிந்து வலது கீழறை பருத்துப்போயிருந்தது. இப்படிப் பருக்கும்போது கீழறையிலும் இதே போன்ற சுழல்கள் பிறக்கக்கூடும். அவை மேலறைச் சுழலைவிடக் கொடியவை, திடீர் மரணத்தையே தரக்கூடியவை. லண்டனில் ஆய்வு செய்த கட்சூலிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1995இல் ஓர் எளிய அடையாளத்தை வெளியிட்டனர். இ.சி.ஜி. தாளில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கூரிய பகுதியின் அகலம் 180 மில்லிசெக்கண்டை எட்டினால் அபாயம் மிகுதி என்பதே அது. தாளில் அது நான்கரைச் சிறுகட்டம். அளவுகோல்கூட வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். ஆண்டுக்கொரு முறை ஒரு இ.சி.ஜி. எடுத்து முந்தைய ஆண்டினதோடு ஒப்பிட்டிருந்தால் அகலம் கூடிவருவது தெரிந்திருக்கும். விலைகுறைந்த ஒரு சோதனை இத்தனை சொல்லுமென்று அறிந்தபோது நமக்கு ஒரு பக்கம் ஆறுதலும் மறுபக்கம் ஆற்றாமையும் உண்டாயின. 2023இல் அவளுக்குப் புதிய வால்வு பொருத்தினர்.

இதற்கிடையே திருமணப் பேச்சு நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார்க்கு எதுவும் தெரியாது. தாயார் ஒரு மாலை பங்கு இல்லத்துக்கு வந்தார். “சாமி, நீங்கள் மட்டும் சொல்லிவிடாதீர்கள், கட்டிக்கொடுத்தபின் தெரிந்தால் தெரியட்டும்” என்று கைகூப்பினார். திருமணத்தைப் பெரிதும் பாதிக்கக்கூடிய ஒரு நிலையை ஒப்புதல் பெறுவதற்காக வஞ்சகமாய் மறைத்தால் அந்த ஒப்பந்தமே செல்லாதென்று திருச்சபைச் சட்டத்தில் 1098ஆம் பிரிவு இருக்கிறது. அதை அந்தத் தாயின் தலையில் போட நமக்கு மனமில்லை. அவர் பயந்தது நோய்க்கன்று, “குழந்தை பெறமாட்டாள்” என்னும் ஊர்ப்பேச்சுக்கு. அது உண்மையா என்று எவரும் மருத்துவரைக் கேட்டிருக்கவில்லை. ஆகவே மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, மனத்திலுள்ள கேள்விகளையெல்லாம் எழுதச் சொன்னோம். பதினொன்று எழுதினாள்.

விடைகள் ஊர்ப்பேச்சைவிட நல்லவையாயிருந்தன. வால்வு சரியாகித் தாளம் நிலைத்திருந்தால் கருத்தரிக்கத் தடையில்லை. இருதய மருத்துவரும் மகப்பேற்று மருத்துவரும் சேர்ந்து கவனிக்கவேண்டும். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்துகளுள் வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியதாதலால், கருத்தரிக்க எண்ணும்போதே சொல்லிவிடவேண்டும். பொதுவாக நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இருதயக் குறை இருக்கும். தாய்க்கே இருந்தால் அது சற்றுக் கூடும். கருவின் இருபதாம் வார வாக்கில் சிசுவின் இருதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். அவர் மின்பணியாளர். அடுத்த பரிசோதனைக்குத் தாமும் உடன் வருவதாகச் சொன்னார், வந்து மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் துண்டித்த சுற்று மறுபடி ஒட்டிக்கொள்ளுமா?” என்பது. இத்தனை ஆண்டுகளில் தம்மிடம் இதைவிடச் சரியான கேள்வியை எவரும் கேட்டதில்லை என்று மருத்துவர் சிரித்தாராம். ஆம், சிலருக்கு ஒட்டிக்கொள்ளும். அல்லது வேறு சந்தில் புதிதாகத் தோன்றும். அப்போது மீண்டும் செய்யவேண்டியிருக்கும் என்பது விடை. 2024இல் அவர்களுக்காக நம் கோவிலில் மூன்று ஓலை வாசித்தோம்.

கீழறைச் சுழல் ஏற்பட்டவர்க்கும், ஏற்படுவது திண்ணம் என்று கருதப்படுவோர்க்கும் வேறொரு கருவி வைக்கப்படுகிறது. தாளம் உயிராபத்தாகத் தப்பும்போது தானே கண்டுகொண்டு உள்ளிருந்தே மின்னதிர்ச்சி தரும் கருவி அது. போலந்தில் பிறந்த மிரோவ்ஸ்கி என்னும் மருத்துவர் பலர் ஏளனம் செய்தும் விடாது உழைத்து உருவாக்கியது; 1980இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் முதன்முதல் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சிலர்க்கு அது வேண்டாத நேரத்தில் அதிர்ச்சி கொடுத்துவிடுவதும் உண்டு. குதிரை உதைத்தாற்போல் இருக்குமென்கிறார்கள். ஆதலால் எல்லார்க்கும் வைப்பதில்லை.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. சுவீடன் நாட்டின் ஓகெ சென்னிங், 1958 அக்டோபரில் உலகிலேயே முதலாவதாக ஒரு பேஸ்மேக்கரை மனித உடலுக்குள் வைத்தவர். அதைப் பெற்ற ஆர்னெ லார்சன் என்பவர் ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகளோடு 2001வரை, தம் 86ஆம் வயதுவரை, வாழ்ந்தார். அதே சென்னிங் அதே காலத்தில்தான், பெருங்குழாய்கள் இரண்டும் இடம்மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு மேலறைக்குள்ளேயே இரத்தத்தைத் திருப்பிவிடும் அறுவைச் சிகிச்சையையும் வகுத்தார். டொரண்டோவில் மஸ்டர்ட் 1963இல் அதற்கு மற்றொரு வழி கண்டார். சாகவேண்டியிருந்த குழந்தைகள் வளர்ந்து ஆளானார்கள். ஆனால் மேலறை முழுவதும் தையலாயிருந்தமையால் அவர்களுள் பலருக்கு உச்சிமுடிச்சு நலிந்து பேஸ்மேக்கர் வேண்டியதாயிற்று. 1975இல் பிரேசிலில் ஜடேனே குழாய்களையே இடம்மாற்றித் தைக்கும் முறையை வெற்றியுடன் செய்தபின் மேலறையில் கைவைக்கும் தேவை பெரிதும் குறைந்தது. தாளத்தைக் காப்பதும் அறுவையின் ஒரு பகுதியே என்று மருத்துவ உலகம் சிறுகச் சிறுக உணர்ந்த கதை இது.

நம் பெண்ணின் சிகிச்சையில் மருத்துவர்கள் முதலில் கேட்டது 1999ஆம் ஆண்டின் அறுவைக் குறிப்பை: எங்கே வெட்டினார்கள், எந்த ஒட்டு வைத்தார்கள் என்பதை. சுழல் எங்கே பிறக்குமென்று தேட அதுவே வழிகாட்டி. தகப்பனார் இரண்டு நாள் பரணைத் துழாவினார். உளிகளும் இழைப்புளியும் வைத்திருந்த பழைய பெட்டியின் அடியில், மருத்துவமனை முத்திரையோடு, கரையான் தொடாமல் கிடைத்தது. இப்போது அதன் நகலை அவள் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். சாதாரண நேரத்து இ.சி.ஜி. ஒன்றையும் உடன் வைத்திருக்கிறாள்.

நாம் குறிப்பிட்ட மற்றப் பிள்ளை பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஓட்டையை அடைத்தபோது பாலம் அறுந்து, பத்து நாள் காத்திருந்தும் திரும்பாமையால், இரண்டாம் வயதிலேயே பேஸ்மேக்கர் பெற்றவன். வயிற்றில் தீப்பெட்டி அளவு ஒரு மேடு தெரியும். வயிற்றில் பந்து பட்டுவிடுமோ என்று தாய் அஞ்சினாலும், மருத்துவரைக் கேட்டு, மேல் ஒரு பட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறான். கைபேசியை அந்தப் பக்கப் பையில் வைக்கக்கூடாதென்று அவனே பெரியவர்களுக்குச் சொல்கிறான். பேட்டரி தீரும் தறுவாய்க்கு வந்துவிட்டதாம். வரும் கோடை விடுமுறையில் பெட்டியை மாற்றுகிறார்கள். அவனுக்கு அறுவையைப்பற்றிக் கவலையில்லை. பத்தாண்டுகளாகத் தன்னோடு இருந்த அந்தப் பழைய பெட்டியைத் தன் கையில் கொடுத்துவிடுவார்களா என்பதே அவன் கேள்வி. கேட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம்.